டீசலுக்கு உபயகாரர் இல்லை

காலை ஆறே முக்காலுக்கு யோகன் எனக்குத் தொலைபேசி எடுத்தான். யோகன் தொழிலால் வீடு கட்டும் மேசன். எங்கள் ஊர்த் தீயணைப்புத் தொண்டர் சபையின் வண்டியை, உழவு இயந்திரம் இழுக்கும் தண்ணீர் பவுசரை, ஓட்டுபவனும் அவன்தான். அந்த நேரத்தில் அவன் எடுத்தால் எங்கேயோ பனங்கூடலில் நெருப்புப் பற்றிக்கொண்டது என்றுதான் பொருள். செருப்பைத் தேடிக்கொண்டே தொலைபேசியைக் காதில் வைத்தேன்.

"மாஸ்டர், மில் அண்ணை மோசம் போட்டார். நெஞ்சு நோகுது எண்டவராம். சாவகச்சேரி ஆஸ்பத்திரி வாசலிலையே முடிஞ்சுதாம்."

மில் அண்ணை என்று ஊர் அழைத்த குலசிங்கம் அண்ணை எங்கள் சபையின் முதற் பொருளாளர். நான் தொடக்கத்திலிருந்து செயலாளர். ஆறு வருஷம் ஒரே காசோலைப் புத்தகத்தில் அவரும் நானும் கையெழுத்து வைத்தோம். அப்படிப்பட்ட ஒருவர் இறந்துபோனார் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது ஆறுதல். அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இனி எனக்கு மட்டும்தான் தெரியும் என்று மனம் கணக்குப் போட்டது. அது போட்டு முடித்த பிறகுதான் துக்கம் வந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று கையில் கொடுக்கும் கல்வெட்டில், அந்த நினைவுப் புத்தகத்தில், நாம் எப்படி எழுதுவோம் என்று உங்களுக்குத் தெரியும். இறந்தவர் பண்பின் சிகரம், பழகுதற்கு இனியவர், இல்லையென்று சொல்லாத கை. இந்த ஊரில் பத்துப் பதினைந்து பேருக்கு அப்படி எழுதிக் கொடுத்தவன் நான். பேரை மாற்றினால் ஒன்று மற்றதற்கு அளவாகப் பொருந்தும். குலசிங்கம் அண்ணைக்கும் அப்படி ஒன்று எழுதினேன். அது இந்தப் புத்தகத்தில் இல்லை. ஏன் இல்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இதைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர், அவரைப் பற்றி ஒரு சொல் சொல்வதுண்டு: நல்ல மனுசன்தான், ஆனால் சபைக் காசில் கை வைத்தவர். செத்தவீட்டுப் பந்தலுக்குள்ளேயே அந்தச் சொல் என் காதில் விழுந்தது. அது பொய். அது பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

சபை தொடங்கிய கதை பலருக்கு நினைவிருக்கும். ஒரு சோளகக் காற்று நாளில் குளத்தடிப் பனங்கூடல் எரிந்து, இரண்டு வீடுகள் சாம்பலாகின. யாழ்ப்பாணப் பட்டணத்திலிருந்து தீயணைப்பு வண்டி இவ்வளவு தூரம் ஓடிவர வேண்டும். ஓலைக் கிடுகு வேலிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அடுத்த ஞாயிறு வாசிகசாலையில் கூடினோம். சபைக்கு என்ன பேர் வைப்பது, தலைக்கவசம் சிவப்பா மஞ்சளா, இலச்சினையில் பனை மரம் வரலாமா, எரிவது பனைதானே என்று இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். பின் வரிசை வாங்கில் அரிசிமா படிந்த சேட்டோடு இருந்த குலசிங்கம் அண்ணை எழும்பினார். "எல்லாம் சரி, டீசல் ஆர் அடிக்கிறது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு அவரையே பொருளாளர் ஆக்கினோம். நம் ஊரில் கேள்வி கேட்டவன் தலையில்தானே வேலை விழும்.

அவருடைய மில்லில் இரண்டு மிசின்கள். ஒன்று மா அரைக்க, மற்றது மிளகாய்த்தூள் அரைக்க. இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன மேசை. அதன் லாச்சிக்குள்தான் சபையின் கணக்குப் புத்தகம் இருந்தது. புத்தகம் முழுக்க வறுத்த மிளகாய் மணக்கும். கணக்குப் பார்க்க வந்த என் பழைய மாணவன், வங்கியில் வேலை செய்பவன், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருமுறை தும்மினான். கடைசிப் பக்கத்தில், ஒரு சதம் பிழையில்லை சேர், ஆனால் அடுத்த முறை மூக்கைக் கட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். நான் பாடசாலையில் கணக்கியல் படிப்பித்தவன். அவர் எட்டாம் வகுப்போடு நின்றவர். என் பதிவுகளில் பிழை பிடித்தவர் அவர்தான், நான் அவரில் பிடித்ததில்லை.

எங்கள் சபையின் காசு எப்படி வந்தது, எப்படி வராமல் போனது என்பதைச் சொன்னால்தான் பிறகு நடந்தது விளங்கும். நாம் கோயிலுக்குக் கொடுத்துப் பழகிய ஆட்கள். கொடுத்தால் கொடுத்தவன் பேர் விழ வேண்டும். காற்றாடியிலும் குழல் விளக்கிலும் உபயம் இன்னார் என்று எழுதி, வெளிச்சம் பாதி எழுத்துக்குள்ளேயே நின்றுவிடும். சபைக்கும் அப்படித்தான் வந்தது. பவுசர் லண்டனில் இருந்து ஒருவர், பேர் இரண்டு பக்கமும். தண்ணீர்ப் பம்பி சுவிசில் இருந்து ஒருவர், பேர் மூடியில். தலைக்கவசம் பன்னிரண்டும் நோர்வேயில் இருந்து, ஒவ்வொன்றிலும் 'அமரர் தங்கம்மா ஞாபகார்த்தம்'. ஒருநாள் யோகன் அதைப் போட்டுக்கொண்டு புகைக்குள்ளால் வெளியே வர, அங்கே நின்ற தங்கம்மாவின் தங்கச்சி, அக்கா என்று கத்தி அழத் தொடங்கிவிட்டா. இரண்டு பேர் நெருப்பை விட்டுவிட்டு அவவை ஆற்ற வேண்டியதாயிற்று.

இவ்வளவு இருந்தும் வண்டிக்குள் ஊற்ற ஒன்றும் இல்லை. அண்ணை வெளிநாட்டு ஆட்களுக்கு மாதம் தவறாமல் தொலைபேசி எடுத்துக் கேட்பார். டீசல், ஒயில், ரயர், பற்றரி என்று ஒரு சின்னத் துண்டில் எழுதி வைத்து வாசிப்பார். பேர் எங்கே போடுவீர்கள் என்று அங்கிருந்து கேள்வி வரும். ஒருவர், டீசல் ஊற்றும்போது படம் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டார். அதையும் அனுப்பினார். பதில் வரவில்லை. அன்று அவர் என்னிடம் சொன்னதுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

"டீசலுக்கு உபயகாரர் இல்லை மாஸ்டர். எரிஞ்சு போற சாமானிலை ஆர் பேர் எழுதுறது?"

அதனால் மில் வாசலில் ஒரு பழைய தகர மீன் ரின்னை ஆணி அடித்துத் தொங்கவிட்டார். மா அரைக்க வந்த பெண்கள் மிச்சக் காசை அதில் போட்டார்கள். ஆறு வருஷத்தில் நாங்கள் போன தீ எல்லாவற்றுக்கும் போய்வந்தது பெரும்பாலும் அந்த ரின்னில் விழுந்த சில்லறையில்தான். ஒவ்வொரு முறை வண்டி திரும்பி வந்ததும் கோடு கீறிய ஒரு தடியை டீசல் டாங்கிக்குள் விட்டு அளப்பார். உடம்பெல்லாம் கரியோடு நாங்கள் சோடா குடித்துக்கொண்டு நிற்க, அவர் தடியை வெளிச்சத்தில் பிடித்து எத்தனை கோடு குறைந்தது என்று எழுதுவார். அவருக்கு அதற்குப் பிறகுதான் தீ அணைந்தது போல.

இனி என் வீட்டுக் கதை. கனடாவில் இருக்கும் என் தமையன் சிறீ, எங்கள் அப்பாவின் பேரில் வண்டிக்கு ஒரு கொட்டகை கட்டித் தர முன்வந்தார். மாபிள் பதித்த முகப்பு, அதில் அமரர் வே. கந்தையா ஞாபகார்த்தம் என்று பெரிய எழுத்து. காசும் ஒரே தடவையில் வந்தது. தமையனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என் வீட்டுக் கூரை அவர் காசு. என் மகளின் படிப்பு அவர் காசு. அவர் முகம் கறுத்தால் அறுபது வயதிலும் நான் கதையை மாற்றிவிடுவேன். இது நியாயம் இல்லை, விளக்கம்.

கொட்டகைக்கு அத்திவாரம் போட்டு, தூண் எழுப்பி, தகரமும் அடித்தாயிற்று. முகப்பு வேலை மட்டும் மிச்சம். வைகாசி பிறந்தது. வண்டியின் பின் ரயர் இரண்டும் மொட்டை. பற்றரி செத்துப்போய், ஒவ்வொரு முறையும் நாலு பேர் தள்ளித்தான் உழவு இயந்திரம் உயிர் பிடித்தது. மீன் ரின்னில் கிடந்தது ஒரு நட்டு வாங்கவும் காணாது. ஒரு பின்னேரம் அண்ணை காசோலைப் புத்தகத்தை ஒரு பொலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கொட்டகைக் காசில் இரண்டு ரயர், ஒரு பற்றரி, ஒரு பரல் டீசல் வாங்குவோம், ஆவணித் திருவிழாவில் தண்டல் செய்து திருப்பி வைப்போம் என்றார். எல்லாம் விபரமாகச் சொன்னார். விலைத் துண்டுகளைக் காட்டினார். நான் ஒவ்வொன்றையும் வாசித்தேன்.

"உங்கடை அண்ணையிட்டை ஒரு சொல்லுச் சொல்லிப்போடுங்கோ மாஸ்டர். கூட்டப் புத்தகத்திலையும் ஒரு வரி எழுதுவம்."

"அண்ணையிட்டை நான் சொல்லுறன். எங்களுக்குள்ளை என்ன எழுத்து," என்றேன்.

கையெழுத்து வைத்தேன். எங்களுக்குள்ளே என்ற அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நம் ஊரில் காணி கைமாறுகிறது, நகை கைமாறுகிறது, பிறகு கோட்டில் வழக்கும் நடக்கிறது. பிள்ளைகளுக்கு ஆவணம் இல்லாமல் பதிவு இல்லை என்று முப்பது வருஷம் படிப்பித்தவன் அன்று அதை மறந்தேன். படலையடியில் அண்ணை நின்று, அப்பாவின் பேரை முதலெழுத்தோடா எழுதுவது என்று கேட்டார். முகப்புக்காகக் கேட்கிறார் என்று நினைத்து, ஓம் என்றேன்.

தமையனிடம் நான் சொல்லவில்லை. சொல்லத்தான் இருந்தேன். அவர் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் மகளின் படிப்புச் செலவுக் கதை வரும், அதற்குள் இதைச் செருக மனம் வராது. அடுத்த கிழமை, அடுத்த கிழமை என்று போனது.

ஆனி மாதம், பகல் இரண்டு மணி. யாரோ குப்பைக்கு வைத்த நெருப்பு சோளகத்தில் எழும்பிப் பனங்கூடலுக்குள் போனது. அதற்கு அங்காலே வரிசையாக ஏழு வீடுகள். யோகன் சாவியைத் திருப்பினான், ஒரே திருப்பில் இயந்திரம் உயிர் பிடித்தது. மணல் ஒழுங்கைக்குள் புது ரயர் வழுக்காமல் போனது. தையல்கார வசந்தி தன் சாமானை விட்டுவிட்டு, சனம் தைக்கக் கொடுத்த சட்டைத் துணிகளை முற்றத்தில் எறிந்துகொண்டிருந்தா. அவவின் வேலியோடு நெருப்பை நிற்பாட்டினோம். வேலி போனது, வீடு நின்றது. ஏழும் நின்றன. பத்திரிகைக்காரர் வந்தபோது முன்னுக்கு நின்று பேசியவன் நான். அண்ணை பின்னால் தடியை டாங்கிக்குள் விட்டு அளந்துகொண்டிருந்தார். அன்று திரும்பும் வழியில் பவுசரில் பக்கத்தில் இருந்து ஒன்று சொன்னார்.

"எரிஞ்ச வீட்டுக்குக் கணக்கு எழுதுறது லேசு மாஸ்டர். எரியாத வீட்டை எந்தப் பக்கத்திலை எழுதுறது?"

கணக்கியல் மாஸ்டர் நான் சிரித்தேன்.

அந்த ஆவணியில் கோயில் தேர்த் திருப்பணி வந்தது. ஊர்க் காசு முழுவதும் தேருக்குப் போனது. எங்கள் தண்டலில் செலவுக்கும் வரவில்லை. அதே திருவிழாவுக்குத் தமையனும் வந்து இறங்கினார். கொட்டகைக்கு முன் நின்று மாபிள் எங்கே, அப்பாவின் பேர் எங்கே என்று கேட்டார். நான் மழுப்பினேன். இரண்டு நாளில் எங்கள் வருடாந்த மகாசபைக் கூட்டம். உங்களில் அநேகர் அன்று வாசிகசாலையில் இருந்தீர்கள்.

தமையன் கணக்கு அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எழும்பினார். குரல் உயர்த்தவில்லை. என் அப்பாவின் பேரில் கொடுத்த காசில் டீசல் அடித்தது யார் என்று கேட்டார். அறிக்கையில் எல்லாம் இருந்தது, ரயர், பற்றரி, டீசல், பற்றுச்சீட்டு இலக்கத்தோடு. அண்ணை எழும்பி, நான்தான் என்றார். பிறகு என்னை ஒருமுறை பார்த்தார். இப்போது நீ சொல் என்ற பார்வை. வேறு விதமாக அதை விளங்க வழியே இல்லை. தமையனும் என் பக்கம் திரும்பி, உனக்குத் தெரியுமோ என்றார்.

"செக்கிலை கையெழுத்துக் கேட்டவர், வைச்சனான். விபரம் கேக்கேல்லை," என்றேன்.

சொன்னேன். சொல்லும்போதே தெரிந்துதான் சொன்னேன். விலைத் துண்டுகள் என் கண்ணுக்குள் நின்றன. அண்ணை வாய் திறந்திருந்தால் நான் அதோடு முடிந்திருப்பேன். அவர் மறுக்கவில்லை. பிறகு சேட்டுப் பையிலிருந்த பேனையை எடுத்து, ஒரு கடதாசியில் பதவி விலகுகிறேன் என்று எழுதித் தலைவரின் மேசையில் வைத்துவிட்டு, சயிக்கிளை உருட்டிக்கொண்டு போனார். ஏறி ஓடவில்லை, உருட்டிக்கொண்டே போனார்.

நாலு மாதத்தில் அந்தக் காசு முழுவதையும் சபைக்குத் திருப்பிக் கட்டினார். மிளகாய் மிசினை விற்றார் என்று ஊருக்குத் தெரியும், ஏனென்றால் அதற்குப் பிறகு நீங்கள் எல்லோரும் தூள் அரைக்க வேறிடம் போனீர்கள். கட்டியதுதான் அவருக்குக் கெடுதியாய் முடிந்தது. எடுக்காதவன் ஏன் கட்டுவான் என்று சனம் கேட்டது. எனக்கும் அந்தக் கேள்வி காதில் விழும். விழும்போது கடைத் தட்டிலுள்ள சாமானைப் பார்ப்பதுபோல் நிற்பேன். அந்தக் காசுக்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தவனும் நான்தான். செயலாளர் அல்லவா. நன்றியுடன் பெற்றுக்கொண்டோம் என்று அச்சடித்த சீட்டில் கையெழுத்து வைத்து, இரண்டு கையாலும் கொடுத்தேன். அவரும் இரண்டு கையாலும் வாங்கினார். முகப்புக்கு மாபிள் வந்தது, அப்பாவின் பேரும் வந்தது. றோட்டில் போகும் பஸ்ஸில் இருந்தே வாசிக்கலாம்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் நான் அவருடைய மில்லுக்குப் போகவில்லை. அங்கே சனக் கூட்டம் என்று சாட்டுச் சொல்லி, வீட்டு அரிசியைச் சாவகச்சேரியில் கொடுத்து அரைத்தேன். மூன்று மைல் சயிக்கிள் ஓடி மா அரைப்பவனைப் பார்த்து மனைவி ஏன் என்று கேட்கவில்லை, அதுவும் ஒரு தண்டனை. ஆனால் வண்டி புறப்படும் சத்தம் கேட்டால் அவர் வந்துவிடுவார். பதவி இல்லை, தலைக்கவசம் இல்லை, ஓரமாக நின்று பைப் சுருளை நேராக்குவார். திரும்பியதும் தடியை எடுத்து அளந்து, குறைந்த கோட்டின் எண்ணிக்கையை யோகனிடம் சொல்லிவிட்டுப் போவார்.

ஒருமுறை ஆஸ்பத்திரியில், மருந்து எடுக்கும் வரிசையில், அவருக்குப் பின்னால் அகப்பட்டுக்கொண்டேன். ஓட இடமில்லை. அண்ணை, அண்டைக்கு நான், என்று தொடங்கினேன். அவர் திரும்பிப் பார்த்து, "வண்டீன்ரை பற்றரிக்குத் தண்ணி பாத்தனீங்களே மாஸ்டர்? வெயில் காலம்," என்றார். பார்க்கிறேன் என்றேன். அவர் பேரைக் கூப்பிட்டார்கள், போய்விட்டார். என்னைக் காப்பாற்றுகிறார் என்று அன்று நினைத்து மகிழ்ந்தேன் என்பதையும் எழுதத்தான் வேண்டும். பற்றரியையும் நான் பார்க்கவில்லை. யோகனிடம் சொல்லிவிட்டேன்.

தகனம் முடிந்த மறுநாள் யோகன் கொட்டகைக்கு வரச் சொன்னான். பற்றரியைச் சார்ஜ் செய்யக் கழற்றி நிலத்தில் வைத்திருந்தான். மேலே இருந்த தூசியை ஈரச் சீலையால் துடைத்துவிட்டு, பாருங்கோ என்றான். பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்ரால், சின்னத் தூரிகையில், குண்டு குண்டாக எழுதியிருந்தது: அமரர் வே. கந்தையா ஞாபகார்த்தம். அது அண்ணையின் எழுத்து. கணக்குப் புத்தகத்தில் ஆறு வருஷம் பார்த்த எழுத்து. டீசல் பரலை உருட்டிக் காட்டினான், அதன் அடியிலும் இருந்தது. பின் ரயர் இரண்டின் உள் விளிம்பிலும், பாதி அழிந்து, இருந்தது.

உங்களுக்கு இது தெரியுமோ என்று யோகனைக் கேட்டேன். நீங்கள் என்று அவனைக் கூப்பிட்டது எனக்கே பிறகுதான் உறைத்தது.

"வாங்கின அண்டைக்கே எழுதினவர். காசு குடுத்தவைக்குப் பேர் போடோணும், அது முறை எண்டவர். மாஸ்டருக்குச் சொல்லட்டே எண்டு கேட்டனான். காணுற நேரம் காணட்டும் எண்டவர்."

மாபிளில் எழுதிய பேர் றோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்பாவின் பேர் இத்தனை வருஷமும் ஒவ்வொரு தீக்கும் போய் வந்திருக்கிறது, கூட்டத்துக்கு வந்த அவருடைய இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகளுக்கும் தெரியாமல். கேட்டது ஒருவர், மற்றவன் பொய் சொன்னான். நான் கொட்டகைக்குள் பற்றரிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தினேன். யோகன் வெளியே போய் நின்றான்.

எட்டாம் நாள், எட்டுச் செலவுச் சடங்கன்று, அண்ணையின் மனைவி மனோன்மணி அக்கா, கல்வெட்டுக்கு நீங்கள்தான் எழுத வேண்டும் என்று கேட்டா. நான் எழுதினேன். முன்னே சொன்னேனே, பண்பின் சிகரம் என்று தொடங்குவது, அதைத்தான். பற்றரியைக் கண்ட பிறகும் அதைத்தான் எழுதினேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டு, நின்றபடியே முழுக்க வாசித்தா. வாசித்துவிட்டுத் தாளை மடித்து என் கையில் வைத்தா.

"இவ்வளவும்தானோ மாஸ்டர்?"

அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது என்று காலை ஆறே முக்காலுக்கு நான் போட்ட கணக்கு பிழை.

"அவர் உங்களிலை கோவிக்கேல்லை. நீங்கள் தமையனுக்குப் பயம், பிள்ளையும் படிக்குது, விடு எண்டவர். நான் கோவிச்சனான். இப்பவும் எனக்குக் கோவம்தான். மிசின் வித்த காசு போதாமல் என்ரை காப்பையும் வித்துத்தான் கட்டினவர். எழுதுறதெண்டால் நீங்கள்தான் எழுதோணும், வேறை ஆரும் எழுதேலாது."

அன்று வீட்டுக்கு வந்து தமையனுக்குத் தொலைபேசி எடுத்தேன். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். ஏன்டா அண்டைக்குச் சொல்லேல்லை என்றார். எனக்கு உங்களிலை பயம் அண்ணை என்றேன். அவருக்கு அது பிடித்திருக்காது. தொலைபேசியை வைத்துவிட்டார், இன்னும் திரும்ப எடுக்கவில்லை. காப்பும் மிசினும் விற்ற அளவு காசை என் ஓய்வூதியச் சேமிப்பில் இருந்து எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். வேண்டாம் என்று சொல்லுவா என்று எதிர்பார்த்தேன் போலும், கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அக்கா வாங்கினா. குந்தியிருந்து எண்ணினா. சரி மாஸ்டர் என்றா. அந்த அளவுத் தடியை நினைவாக எனக்குத் தரலாமா என்று கேட்டேன். அது அவருடையது இல்லை, சபையின் சாமான், கொட்டகையில் கொண்டுபோய் வையுங்கள் என்றா. வைத்திருக்கிறேன்.

ஆகவே அவருடையது என்று சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். அவர் கட்டிய காசுக்கு நான் எழுதிக் கொடுத்த பற்றுச்சீட்டின் அடிக்கட்டை. ஊரவர்களே, ரயரும் டீசலும் வாங்கிய அந்தக் காசோலையில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது, எல்லாம் வாசித்து, எல்லாம் தெரிந்து வைத்தது. அடிக்கட்டையில் காரணம் என்ற இடத்தில் அன்று 'கொட்டகை நிதி மீளளிப்பு' என்று எழுதியிருந்தேன். நேற்று அதை ஒரு கோட்டால் வெட்டி, மேலே 'செயலாளர் சொன்ன பொய்யால் பெறப்பட்டது' என்று எழுதினேன். பிழையை வெட்டித் திருத்தினால் பக்கத்தில் சின்னக் கையெழுத்து வைக்க வேண்டும் என்று முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். வைத்திருக்கிறேன்.